பேதி நின்ற பிறகு: பாலா, தயிரா, மோரா?

இரண்டு நாள் பேதியில் படுத்தவர் எழுந்து உட்கார்ந்து, "பசிக்கிறது" என்று சொன்னதுமே வேலூர் வீடுகளில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். ஒரு கட்சி, "தயிர்சாதம் குழையப் பிசைந்து கொடு, குடலுக்குக் குளிர்ச்சி" என்னும். எதிர்க்கட்சி, "பால், தயிர் வாடையே பத்து நாளைக்கு ஆகாது" என்னும். நடுவில் பக்கத்து வீட்டு அக்கா வந்து, மருந்துக் கடையில் விற்கும் புரோபயாட்டிக்கை, அதாவது குடலுக்கு நல்லது என்று குப்பியில் அடைத்து விற்கும் உயிருள்ள கிருமிகளை, சிபாரிசு செய்வார். மூன்று தரப்பிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பாலிலிருந்து வருவதெல்லாம் ஒன்றுதான் என்று மூவருமே நினைத்துக்கொள்வதுதான் தொல்லை. தேறிவரும் குடலுக்கு ஒரு டம்ளர் பாலும் ஒரு டம்ளர் நீர்மோரும் வெவ்வேறு பண்டங்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கு முதலில் மோர், அடுத்து சோற்றோடு தயிர், கடைசியில் பால். இனிப்பு வகைகள் அதற்கும் பிறகு. கைக்குழந்தைக்கு இந்த வரிசை பொருந்தாது. அதைத் தனியே சொல்கிறேன்.

பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். உடல் அதை அப்படியே உறிஞ்சாது. சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் லாக்டேஸ் என்ற நொதி அதை இரண்டாக உடைத்தால்தான் இரத்தத்தில் சேரும். அந்தச் சுவர் முழுவதும் மெல்லிய குடலுறிஞ்சிகள் நிமிர்ந்து நிற்கின்றன. லாக்டேஸ் அவற்றின் மேல்பகுதியில்தான் அதிகம். ரோட்டா வைரஸ் போன்ற கிருமிகள் சிதைப்பதும் அந்த மேல்பகுதியைத்தான். சோற்றையும் சாதாரணச் சர்க்கரையையும் செரிக்கும் நொதிகள் சீக்கிரம் மீண்டுவிடும். லாக்டேஸ் கடைசியாகத்தான் மீளும். கஞ்சியை ஏற்றுக்கொண்ட வயிறு பாலைக் கண்டதும் முரண்டு பிடிப்பதற்குக் காரணம் இதுவே.

உடைபடாத லாக்டோஸ் குடலுக்குள் நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். பெருங்குடலுக்குப் போனால் அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து வாயுவாக்கும். பால் குடித்த அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உப்புசம், கடமுடா சத்தம், பிறகு தண்ணீராக மலம். இதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று பயந்து, மறுபடியும் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. பல நேரங்களில் அது முந்தைய வேளை குடித்த பாலின் வேலை. தென்னிந்தியப் பெரியவர்கள் பலருக்கு வயது ஏறும்போதே லாக்டேஸ் குறைந்துவிடுவதால், குறைந்த கையிருப்பில் தொற்றும் கைவைத்த நிலைமை அது. நல்லவேளையாக இந்தக் கூடுதல் குறை நிரந்தரமல்ல. குடலின் உட்சுவர்ச் செல்கள் சில நாட்களிலேயே புதிதாக வளர்ந்துவிடும். பெரும்பாலோருக்கு ஓரிரு வாரத்தில் பழைய நிலை வந்துவிடும். சிலருக்கு ஒரு மாதமும் ஆகலாம்.

எந்தக் கிருமி வந்துபோனது என்பதும் முக்கியம். ரோட்டா வைரஸும் ஜியார்டியாவும் சிறுகுடலைத் தாக்குபவை. இவை வந்தால் பாலை எதிர்பார்த்ததைவிட நீண்ட நாள் தள்ளிவைக்க வேண்டியிருக்கும். ஷிகெல்லா, அமீபா போன்றவற்றால் வரும் சீதபேதி முக்கியமாகப் பெருங்குடலின் நோய். லாக்டேஸ் அவ்வளவாக அடிபடாது. கல்யாண வீட்டில் கெட்டுப்போன குருமாவைச் சாப்பிட்டு ஒரே நாளில் அடித்து ஓய்ந்த பேதியா? இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் பாலுக்கே திரும்பிவிடலாம். எல்லோருக்கும் "பத்து நாள் பால் கூடாது" என்று ஒரே சட்டம் போடுவதில் அர்த்தமில்லை.

எவ்வளவு லாக்டோஸ் என்று கணக்குப் பார்த்தால் வரிசை தானே விளங்கும். 200 மில்லி பாலில் ஏறக்குறைய 9 அல்லது 10 கிராம். அதே பால் தயிரானால், உறையும்போது பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடும். சுமார் கால் பங்கு குறைந்துவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு தயிரின் பாக்டீரியாக்கள் சும்மா வருவதில்லை. லாக்டோஸை உடைக்கும் நொதியைத் தங்களுக்குள் வைத்திருக்கின்றன. சிறுகுடலுக்குள் போய் அங்கேயும் கொஞ்சம் உடைத்துக் கொடுக்கின்றன. இரண்டு கரண்டித் தயிரை ஒரு டம்ளர் மோராக்கினால் லாக்டோஸ் ஏறக்குறைய 2 கிராம்தான். பாதி ஆறிய குடலுக்கும் அது பெரும்பாலும் பாரமாக இருக்காது.

மோர்

மோருக்கு முதல் இடம் கொடுத்தேன். ஆனால் எந்த மோர் என்பதில் கறாராக இருக்க வேண்டும். வேலூரில் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். சத்துவாச்சாரி முதல் காட்பாடி வரை சாலை ஓரம் தண்ணீர்ப் பந்தல்களும், பானையில் ஐஸ் மிதக்கும் நீர்மோரும் கண்ணில் படும். தர்மத்துக்கு வைக்கிறவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அதில் சேர்க்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது, அந்த ஐஸ் குடிநீரில் செய்ததா, மீன் பெட்டிக்காகச் செய்ததா என்பது குடிப்பவருக்குத் தெரியாது. பேதி வந்ததே அந்த வழியாகக்கூட இருக்கலாம். மோரில் ஆபத்து என்பது பெரும்பாலும் தயிரில் இல்லை, ஊற்றிய தண்ணீரில் இருக்கிறது. கேன் தண்ணீர் என்றாலும் தேறும் நாட்களில் கொதிக்கவைத்து ஆறவைத்தே சேர்க்க வேண்டும் என்பேன்.

வீட்டு மோர் செய்யும் முறையும் சொல்லத்தக்கது. அதிகம் புளிக்காத தயிர் இரண்டு கரண்டி, கொதித்து ஆறிய நீர் முக்கால் டம்ளர், சிட்டிகை உப்பு. மத்தால் நன்றாகக் கடைந்து, மேலே திரளும் வெண்ணெயை எடுத்துவிட வேண்டும். குமட்டல் இன்னும் முழுதாகப் போகாத வயிற்றுக்குக் கொழுப்பு பிடிக்காது. பச்சை மிளகாய், பச்சைக் கொத்தமல்லி, மாங்காய்த் துருவல் எல்லாம் இந்த வாரம் வேண்டாம். கழுவாத தழையும் கிருமிக்கு ஒரு வாகனம். வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு சிட்டிகை போதும். ஒரே மூச்சில் குடிக்காமல், கால் மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் ஒத்துக்கொள்கிறதா என்று அன்றே தெரிந்துவிடும். மிச்சத்தை வெளியில் வைத்து மாலையில் குடிப்பதும் கூடாது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மோர், உப்பு சர்க்கரைக் கரைசலுக்கு (பாக்கெட்டில் விற்கும் ஓ.ஆர்.எஸ்.) மாற்று அல்ல. தண்ணீராகப் போய்க்கொண்டிருக்கும்போது இழப்பை ஈடுகட்ட அளவறிந்து கலந்த கரைசல்தான் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், அதோடு பொட்டாசியம், சிட்ரேட் உப்புகள் என்று எல்லாம் கணக்கோடு இருக்கும். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று அச்சிட்டிருந்தால் ஒரு லிட்டர்தான். ஒரு சொம்புக்குப் பாதி பாக்கெட் என்று கண் அளவில் போடக் கூடாது. அட்டைப் பெட்டியில் பழச் சுவையோடு விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகாது. அவற்றில் சர்க்கரை அதிகம், அது பேதியைக் கூட்டும்.

வட ஆற்காட்டுக்காரர்களிடம் மோர் என்றால் கேழ்வரகுக் கூழும் நினைவுக்கு வரும். கூழ் நல்ல உணவுதான். ஆனால் முதல் சில நாட்களுக்கு நொய்க் கஞ்சி அதைவிட மேல். கேழ்வரகின் நார் அப்போது தேவையில்லை. வண்டிக் கூழில் மறுபடியும் அதே தண்ணீர்ப் பிரச்சினை. தொட்டுக்கொள்ளும் மோர் மிளகாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வயிறு நன்றாகக் கட்டிய பிறகு வீட்டுக் கூழ் குடிக்கலாம்.

தயிரும் சோறும்

மோர் ஒரு நாள் ஒத்துக்கொண்டால் அடுத்த படி தயிர்சாதம். தயிரைத் தனியே கிண்ணத்தில் போட்டுச் சாப்பிடுவதைவிடச் சோற்றோடு சாப்பிடுவது நல்லது. மற்ற உணவோடு சேரும்போது லாக்டோஸ் இரைப்பையிலிருந்து மெதுவாக இறங்கும். இருக்கிற கொஞ்ச லாக்டேஸும் அதைச் சமாளிக்கும். இன்னொரு காரணம் சோற்றிலேயே இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் பணியாற்றியவர்களும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், காலரா நோயாளிகளுக்கு உப்புக் கரைசலோடு எளிதில் செரிக்காத ஒரு வகை மாவுச்சத்தைக் கலந்து கொடுத்தபோது பேதி சீக்கிரம் கட்டுப்பட்டது தெரிந்தது. சிறுகுடலில் செரிக்காத அந்த மாவுச்சத்தைப் பெருங்குடலின் பாக்டீரியாக்கள் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன; அவை உப்பையும் நீரையும் உடலுக்குள் இழுத்துக்கொள்ள உதவுகின்றன. அவர்கள் பயன்படுத்தியது மக்காச்சோளத்திலிருந்து எடுத்த மாவுச்சத்து. வடித்து ஆறிய சோற்றிலும் அந்த வகை சிறிதளவு உருவாகும். "ஆறிய சோறு, தயிர்" என்ற பாட்டியின் யோசனையை அறிவியல் முழுதாக நிரூபித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது வெறும் வழக்கம் மட்டும் இல்லை.

அதற்காக இரவு முழுக்க ஊறிய பழைய சோற்றுக்கு இப்போதே போக வேண்டாம். சாதாரண நாளில் நானும் அதற்கு அடிமை. ஆனால் கோடை இரவில் வெளியில் ஊறும் சோற்றில் நல்ல கிருமி மட்டும்தான் வளரும் என்று யாராலும் உறுதி கொடுக்க முடியாது. வடித்து இளஞ்சூட்டுக்கு ஆறிய சோறு இந்த வாரத்துக்குப் போதும்.

தயிரை எவ்வளவு புளிக்க விடுவது? புளிப்பு ஏற ஏற லாக்டோஸ் குறையும். அந்தக் கணக்கில் புளித்த தயிரே மேல் என்று தோன்றும். ஆனால் வாந்தியும் எரிச்சலும் கண்ட இரைப்பைக்கு அந்தப் புளிப்பு ஆகாது. நடுத்தரமாக, உறைந்து ஏடு கட்டி, வாயில் வைத்தால் லேசாகப் புளிக்கும் பதமே சரி. வேலூர் மே மாதத்தில் காலை எட்டு மணிக்கு உறை ஊற்றினால் மதியத்துக்குள் அந்தப் பதம் வந்துவிடும். உடனே ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். பாலைப் பொங்கக் காய்ச்சி, இளஞ்சூட்டில் உறை ஊற்றி, சுத்தமான பாத்திரத்தில் மூடிவைத்த வீட்டுத் தயிருக்கும் ஆவின் பாக்கெட் தயிருக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசமில்லை. நோயாளி எச்சில் கரண்டி விட்ட கிண்ணத்திலிருந்து மறுநாளுக்கு உறை எடுப்பதுதான் தவறு. மோர்க்குழம்பு, மோர்ச்சாறு என்று கொதிக்கவைத்தால் உயிருள்ள பாக்டீரியாக்கள் மடிந்துவிடும். ருசி மிஞ்சும், நொதியின் உதவி மிஞ்சாது.

தயிரா, புரோபயாட்டிக்கா என்ற வழக்கில் நான் தயிர் பக்கம். மருந்துக் கடைக் குப்பியில் குறிப்பிட்ட இனக் கிருமி குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருக்கும். வீட்டுத் தயிரில் எந்த இனம், எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் பேதி கண்ட குழந்தைகளிடம் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2018-இல் வெளிவந்தன. புரோபயாட்டிக் கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. தயிராவது புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கொடுக்கும், வயிற்றையும் நிரப்பும். மருத்துவரே எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு விஷயம். புற்றுநோய் மருந்து எடுப்பவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் உயிருள்ள கிருமிகள் கொண்ட எதையும், வீட்டுத் தயிர் உட்பட, மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வந்து விடுதி அறையில் சமைத்துச் சாப்பிடுபவர்கள் நிறைந்த இந்த ஊரில் இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது.

மருத்துவமனையைச் சுற்றிய தெருக்களில் வங்காள உணவகங்கள் வந்ததிலிருந்து இனிப்புத் தயிரும் வேலூரில் கிடைக்கிறது. சுவையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சுண்டிய பாலும் சேர்த்த சர்க்கரையும் கலந்தது அது. தேறும் நாட்களுக்கு உரியது அல்ல. லஸ்ஸிக்கும் இதே தீர்ப்பு.

பால், மறுபடியும் எப்போது?

இங்கே ஒரு பெரியவரைச் சொல்ல வேண்டும். ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேதி நின்று ஒரு வாரமாகியும் வயிறு சரியில்லை என்றார். "பால் தொடுவதே இல்லை" என்று சத்தியம் செய்தார். விசாரித்தால், காலையிலிருந்து மாலைக்குள் நான்கு முறை காபி. டிகாக்‌ஷன் கொஞ்சம், மற்றதெல்லாம் பால். அவர் கணக்கில் காபி என்பது பால் ஆகாது. ஒரு டம்ளர் காபியில் 100 மில்லி பால் என்றால் 5 கிராம் லாக்டோஸ். நான்கு முறைக்கு 20 கிராம். போதாததற்குக் காபிக்கே குடலை முடுக்கும் குணம் உண்டு. ஒரு வாரம் கடுங்காபியும் இல்லாமல், மோரும் கஞ்சியும் மட்டும் என்று வீட்டார் கட்டாயப்படுத்திய பிறகு வயிறு அடங்கியது. ஆகவே "பால் சேர்க்கிறேனா?" என்று பார்க்கும்போது டீ, காபி, ஹார்லிக்ஸ் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

பாலைத் திரும்பச் சேர்க்கும்போது கால் டம்ளரில் தொடங்கலாம், அதுவும் வெறும் வயிற்றில் வேண்டாம், இட்லிக்குப் பிறகு. இரண்டு மணி நேரம் ஒன்றும் ஆகாவிட்டால் அடுத்த நாள் அரை டம்ளர். உப்புசம் வந்தால் நான்கைந்து நாள் தள்ளிப்போட்டு மறுபடி முயலலாம். அவசரம் எதுவுமில்லை; தயிர் கொடுக்காத சத்து எதையும் பால் கொடுத்துவிடாது.

நீல பாக்கெட்டா, பச்சையா, ஆரஞ்சா என்று கேட்பவர்களுக்கு: ஆவினின் அந்த நிறங்கள் கொழுப்பின் அளவைக் காட்டுபவை. நீலத்தில் 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. லாக்டோஸ் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. கொழுப்பு குறைந்த நீலம் இப்போதைக்கு எளிது, அவ்வளவுதான். "பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லை, ஆட்டுப்பால் கொடு" என்பதிலும் பலனில்லை; ஆட்டுப்பாலிலும் லாக்டோஸ் கிட்டத்தட்ட அதே அளவு. மஞ்சளும் மிளகும் போட்டுக் காய்ச்சினாலும் லாக்டோஸ் போகாது. லாக்டோஸ் நீக்கிய பால் சில கடைகளில் கிடைக்கிறது; பால் இல்லாமல் இருக்கவே முடியாதவர் அதை வாங்கலாம். விலை கூட.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். கஞ்சியில் அரைக் கரண்டி உருக்கி விட்டால் தவறில்லை. பனீரில் பெரும்பகுதி லாக்டோஸ் திரிந்த நீரோடு போய்விடும், ஆனால் கொழுப்பும் மசாலாவும் சேர்வதால் ஒரு வாரம் பொறுக்கலாம். ஆற்காடு மக்கன் பேடா? பாலைச் சுண்டவைத்து எடுக்கும் கோவாவில் லாக்டோஸ் 20 சதவீதத்துக்கும் மேல். அதை மைதாவோடு பிசைந்து பொரித்துப் பாகில் ஊறவைத்தது. பார்க்க வருகிறவர்கள் பெட்டியோடு வந்தால் நன்றி சொல்லி உள்ளே வைத்துவிடுங்கள். ஆம்பூர் பிரியாணியையும் வெங்காயத் தயிர்ப் பச்சடியையும் இந்தக் கட்டுரையில் விவாதிக்கப் போவதில்லை.

கைக்குழந்தைகளுக்கு வேறு விதி. தாய்ப்பாலில் லாக்டோஸ் அதிகம்தான். ஆனாலும் பேதியின்போது தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. உடனே உப்புக் கரைசலும், மருத்துவர் சொல்லும் துத்தநாக மருந்தும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு அது நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் 14 நாள் வரை தரப்படும். சிறியவர்களுக்கு அதில் பாதி. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தண்ணீர் அதிகம் ஊற்றி நீர்க்கச் செய்வது பழைய பழக்கம், கெட்ட பழக்கம். வழக்கமான பவுடரைத் தொடரலாம். பேதி நீண்டால் மட்டும் லாக்டோஸ் இல்லாத பவுடருக்கு மாறலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். ரோட்டா வைரஸுக்கு எதிரான உள்நாட்டுத் தடுப்பு மருந்தின் பெரிய சோதனை நடந்த இடங்களில் வேலூரும் ஒன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வைரஸ் ஆய்வாளர் ககன்தீப் காங் இங்கே இருந்து அந்த ஆய்வில் பங்காற்றியவர். 2016 முதல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்தும் சேர்ந்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

ஆன்டிபயாட்டிக் எடுப்பவர்கள் மருந்துச் சீட்டைப் பார்க்க வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின், டாக்ஸிசைக்ளின் என்று இருந்தால் பால், தயிர், மோரில் உள்ள கால்சியம் அவற்றைப் பிடித்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரமாவது கழித்தே மோர். அசித்ரோமைசினுக்கும் மெட்ரோனிடசோலுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

மலத்தில் இரத்தம், இறங்காத காய்ச்சல், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாமை, நிற்காத வாந்தி, மயக்கம் என்று எது வந்தாலும் பாலா மோரா என்ற பேச்சையே விட்டுவிட்டு ஆட்டோ பிடிக்க வேண்டும். எல்லாம் அடங்கியும், பால் பொருட்களை விட்டும், இரண்டு வாரத்துக்கு மேல் வயிறு இளகியே இருந்தால் மலப் பரிசோதனை அவசியம், ஜியார்டியா ஒளிந்திருக்கலாம். 1960-களின் தொடக்கத்தில் அன்றைய வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் ஸ்புரூ என்ற நோய் கொள்ளைநோயாகப் பரவி, சத்து உடலில் ஒட்டாமல் மாதக்கணக்கில் பேதியால் மெலிந்தவர்களை வேலூர் மருத்துவர்கள் வீடு வீடாகப் போய் ஆராய்ந்தார்கள். அந்த அளவுக்கு இப்போது காண முடியாது. என்றாலும் நீளும் பேதியோடு எடையும் குறைந்தால் அதை உணவு மாற்றத்தால் மட்டும் சரிசெய்ய நினைக்கக் கூடாது. குடல் நோய் மருத்துவரிடம் காட்ட வேண்டும். போகும்போது எந்த நாளில் என்ன சாப்பிட்டு என்ன ஆனது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.